புழக்கடையில் தேங்கும் மழைநீர்: குழி வெட்டும் முன் வாட்டம் பாருங்கள்

கேள்வி: ஊத்தங்கரைக்கு அருகே ஒரு மனைப்பிரிவில், ஐந்தரை சென்ட் இடத்தில் ஏழு ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டினோம். மனை 30 அடி அகலம், 80 அடி நீளம். கிழக்குப் பார்த்த வாசல். பின்புறம் 24 அடி இடம் இருக்கிறது. அதற்கு மேற்கே மாந்தோப்பு, தோப்பைத் தாண்டினால் கரடு (சின்னப் பாறைக் குன்று). மூன்று ஆண்டுகளுக்கு முன் பின்புறத்தில் ஏரி மண் கொட்டி ஓர் அடி உயர்த்தி, சுற்றிலும் காம்பவுண்டு சுவர் எழுப்பினோம். அதே ஆண்டில் தெருவில் பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை போட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் பின்புறம் குளமாகிவிடுகிறது. நான்கைந்து நாள் ஆனாலும் வற்றுவதில்லை. சமையலறைச் சுவரின் உள்பக்கம் இரண்டடி உயரத்துக்கு ஓதம் ஏறிப் பெயின்ட் உரிகிறது. முருங்கை பட்டுப்போனது, தென்னங்கன்று மஞ்சளாகிவிட்டது. மேஸ்திரி பின்புறம் முழுவதும் கான்கிரீட் போடச் சொல்கிறார். தம்பி தென்மேற்கு மூலையில் பத்தடிக்கு உறிஞ்சு குழி வெட்டலாம் என்கிறான். கன்னி மூலையில் குழியே கூடாது என்கிறார் மாமியார். வற்றிப்போன எங்கள் ஆழ்துளைக் கிணற்றுக்குள் தண்ணீரைத் திருப்பிவிடலாம் என்பது பிளம்பரின் யோசனை. தோப்புக்காரரோடு என் கணவர் சண்டையே போட்டுவிட்டார். எங்களால் ஒரு முறைதான் செலவு செய்ய முடியும். எதைச் செய்வது?

வாசகி ஒருவர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வேண்டாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். பின்புறம் முழுக்கக் கான்கிரீட் வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றுக்குள் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. உறிஞ்சு குழிக்கு இன்னும் ஆள் பேசவில்லை என்றால் பேசாதீர்கள். உங்கள் கடிதத்தில் எல்லோரும் தண்ணீரை என்ன செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போக ஆசைப்படுகிறது என்று ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அதைப் பார்க்காமல் போடும் பணம் வீணாகும். கைச்செலவுக்கு ஒரு வாய்ப்புதான் இருக்கிறது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் மனைக்கு மூன்று வழியாகத் தண்ணீர் வருகிறது. ஒன்று, பின்புறத்தின் மேல் நேராகப் பெய்யும் மழை. இரண்டு, மொட்டை மாடியிலிருந்து இறங்குவது. மூன்று, மேற்கே கரட்டிலும் தோப்பிலும் பெய்து, மண்ணுக்கு அடியில் ஊறி வருவது.

முதல் இரண்டையும் கணக்குப் போட்டுவிடலாம். 30 அடிக்கு 24 அடி என்றால் பின்புறம் 720 சதுர அடி. ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன் மேல் விழுவது சுமார் 3,300 லிட்டர். உங்கள் மாடியை 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்கிறேன். அதே மழைக்கு அங்கிருந்து இறங்குவது சுமார் 4,600 லிட்டர். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் மாடிக் குழாய்கள் இரண்டையும் பின்பக்கமே இறக்கி, தரையிலிருந்து அரையடி உயரத்தில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால், தேங்கும் நீரில் பாதிக்கு மேல் உங்கள் மாடியிலிருந்தே வருகிறது. தோப்புக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம்.

மூன்றாவதுதான் நம் மாவட்டங்களுக்கே உரிய சிக்கல். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பல இடங்களில் மண்ணின் ஆழம் குறைவு. மேலே ஓரிரண்டு அடி செம்மண், அதற்குக் கீழே சரளை கலந்த முரம்பு, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. கரட்டில் பெய்யும் மழை செம்மண்ணுக்குள் சுலபமாக இறங்கும், முரம்புக்குள்ளும் இறங்கும். பாறையைத் தொட்டதும் அதற்குமேல் இறங்க முடியாமல், பாறை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்தப் பக்கமாக மண்ணுக்கு அடியிலேயே நகரத் தொடங்கும். மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் கீழே இந்த நகர்வு நடந்துகொண்டிருக்கும். மழை விட்டு நான்கைந்து நாள் கழித்தும் உங்கள் பின்புறம் வற்றாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம் நீங்கள் கொட்டிய ஏரி மண். அது வண்டலும் களியும் கலந்தது. வயலுக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது. ஆனால் வீட்டைச் சுற்றி நிரப்புவதற்கு அது ஆகாது. ஈரம் பட்டதும் குழைந்து, தண்ணீர் இறங்கும் கண்ணையெல்லாம் அடைத்துவிடும். மனையை உயர்த்த முரம்புதான் சரியான மண்.

இரண்டு காரணங்களில் உங்கள் வீட்டில் எது என்று தெரிந்துகொள்ளப் பொறியாளர் வர வேண்டியதில்லை. நல்ல மழை ஒன்று பெய்து நின்ற மாலையில், தேங்கிய நீரின் நடுவே ஒரு குச்சியை ஊன்றி, நீர்மட்டம் இருக்கும் இடத்தில் கத்தியால் கீறிவிடுங்கள். மறுநாள் காலையில் பாருங்கள். இடையில் மழை இல்லாமலே மட்டம் கீறலுக்கு மேல் ஏறியிருந்தால், கீழே ஊறல் இருக்கிறது. கீறலிலேயே நின்றிருந்தால், அல்லது மெதுவாக ஒரு விரற்கடை இறங்கியிருந்தால், குற்றம் பெரும்பாலும் ஏரி மண்ணுடையது.

தண்ணீர் வற்றிய பிறகு இன்னொரு சோதனை. மேற்குச் சுவரிலிருந்து நான்கைந்து அடி தள்ளி, இரண்டடிச் சதுரத்தில், மூன்றடி ஆழத்துக்குக் குழி எடுக்கச் சொல்லுங்கள். ஓர் ஆள், ஒரு கடப்பாரை, அரை நாள் வேலை. வெட்டும்போது கூடவே நின்று பாருங்கள். கறுத்த ஏரி மண் எத்தனை அங்குலம், செம்மண் எங்கே தொடங்குகிறது, எந்த ஆழத்தில் கடப்பாரை ‘டங்’ என்று சத்தம் போடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குழியின் மற்ற மூன்று பக்கமும் காய்ந்திருக்க, மேற்குப் பக்கம் மட்டும் முரம்பும் பாறையும் சேரும் இடத்தில் பளபளவென்று ஈரக் கோடு ஓடி, முத்து முத்தாக நீர் கோத்து நின்றால், அதுதான் கரட்டு ஊறல். அந்தக் குழியை மூடி வைத்து மறுநாள் திறந்தால் அடியில் தண்ணீர் நிற்கும்.

இப்போது உங்கள் தம்பியின் உறிஞ்சு குழியை நினைத்துப் பாருங்கள். ஊறல் இருக்கும் இடத்தில் பத்தடிக் குழி வெட்டினால் அது தண்ணீரை உறிஞ்சாது, கிணறாகிவிடும். மேற்கிலிருந்து வருவதை வாங்கி நிரப்பிக்கொண்டு, உங்கள் மழைநீர் வரும்போது இடமில்லாமல் நிற்கும். பாறை நாலடியில் வந்துவிட்டால் பத்தடி வெட்டவே கம்ப்ரசர் வைக்க வேண்டும், அந்தச் செலவு தனி. தென்மேற்கு மூலை வேண்டாம் என்று உங்கள் மாமியார் சொல்வதை நானும் ஏற்கிறேன். அவர் சாஸ்திரம் பார்த்துச் சொல்கிறார். எனக்கு, தண்ணீர் வந்து சேரும் பக்கத்திலேயே அதை உறிஞ்ச ஒரு குழி வைப்பதில் பொருள் தெரியவில்லை. ஊறல் இல்லை என்று தெரிந்தால் குழியைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் மண் தண்ணீரைக் குடிக்கிறதா என்று பார்த்துவிட்டே இறங்க வேண்டும். ஏரி மண்ணைத் தாண்டி முரம்பில் ஒன்றரை அடிக்கு ஒரு சிறு குழி எடுத்து, மாலையில் நிரப்பி ஊறவிட்டு, காலையில் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரம் கடிகாரம் பாருங்கள். ஓர் அங்குலமாவது இறங்கினால் குழி பயன்படும். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். எப்படியானாலும் வீட்டுக் கடைக்காலிலிருந்து (அஸ்திவாரத்திலிருந்து) பத்தடிக்குள் உறிஞ்சு குழி கூடாது.

அடுத்து, வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. இதற்கு மேஸ்திரியிடம் இருக்கும் மட்டக் குழாய் போதும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடிக்க வேண்டும். டியூபுக்குள் காற்றுக் குமிழி ஒன்று இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். நீளம் முழுவதும் கையால் தடவிக் குமிழியை வெளியேற்றுங்கள். ஒரு முனையைப் பின்புறத்தில் தண்ணீர் அதிகமாகத் தேங்கும் இடத்திலும், மறு முனையைத் தெருவோர வடிகாலின் அடித்தளத்திலும் நிமிர்த்திப் பிடித்து, இரண்டு இடத்திலும் தரையிலிருந்து நீர்மட்டம் எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்குக் கிடைக்கும் வாட்டம். வீட்டின் பின்மூலையிலிருந்து தெரு வரை 56 அடி. நூறடிக்கு ஓர் அடி என்ற வாட்டம் வேண்டும் என்றால் அதற்கு ஏறக்குறைய ஏழு அங்குலம் ஆகும். மனைக்குள் ஓடி வருவதற்கும் சேர்த்து, தெரு வடிகாலின் அடி உங்கள் பின்புறத்தைவிடப் பத்து, பன்னிரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தால் மேல்தண்ணீர் முழுவதையும் மோட்டார் இல்லாமலே வெளியேற்றிவிடலாம். கரடு மேற்கிலும் தெரு கிழக்கிலும் இருப்பதால் சரிவு இயல்பாகவே உங்களுக்குச் சாதகமாக இருக்கும். புதுச் சாலை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதுதான் அளந்து பார்க்க வேண்டியது.

இந்த அளவுகள் கையில் வந்த பிறகு வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். வரிசையை மாற்றினால் பின்னால் செய்வதற்காக முன்னால் செய்ததை உடைக்க வேண்டி வரும்.

மாடித் தண்ணீரைத்தான் முதலில் திருப்ப வேண்டும். பின்பக்கம் இறங்கும் இரண்டு குழாய்களையும் இணைத்து, வீட்டின் வடக்குப் பக்கத்துச் சந்தில் சுவரோரமாகவே நான்கு அங்குல பிவிசி குழாயில் முன்பக்கம் கொண்டுபோங்கள். முன்பக்கம் நிலத்தடித் தொட்டி இருந்தால், ஜல்லியும் மணலும் கரியும் நிரப்பிய வடிகட்டி ஒன்றைக் கட்டி அதன் வழியே தொட்டிக்குள் விடுங்கள். தொட்டி நிறைந்தால் மிகுதி தெரு வடிகாலுக்குப் போக ஒரு குழாய் வேண்டும். மழைக்காலத்தின் முதல் மழையை மட்டும் தொட்டிக்கு விடாதீர்கள். மாடித் தூசியெல்லாம் அதில்தான் வரும். இந்த நீரை வீணாக்காமல் சேர்க்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது. வானத்திலிருந்து விழும் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் வீடுகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கட்டட அனுமதிக்காக ஒரு குழாயை மட்டும் பொருத்திக் காட்டிவிட்டு அதோடு மறந்துவிடும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இதை முடித்ததும் ஒரு மழைக்குக் காத்திருந்து பாருங்கள். தேங்குவது பாதியாகக் குறைந்தாலே உங்களுக்கு நம்பிக்கை வரும்.

இரண்டாவது, சுவரை ஒட்டிய மண். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். வெளித் தரையிலிருந்து வீட்டின் பேஸ்மட்டம் ஒன்றரை அடியாவது உயரமாக இருக்க வேண்டும். அந்த உயரத்தில்தான் கீழிருந்து ஈரம் ஏறாமல் தடுக்கும் பூச்சைப் போட்டிருப்பார்கள். நீங்கள் ஓர் அடி மண் கொட்டியதில் மிஞ்சியது அரையடி. சுவரோரம் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டியிருந்தால் அதுவும் இல்லை. அப்படியானால் ஈர மண் தடுப்பைத் தாண்டி நேராகச் செங்கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும். சமையலறைச் சுவர் அந்த ஈரத்தைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது. பின்சுவர் நெடுக மூன்றடி அகலத்துக்குப் பழைய தரை தெரியும் வரை அந்த மண்ணை வெட்டி எடுங்கள். ஏறக்குறைய ஒரு யூனிட் (நூறு கன அடி) மண் வரும். தோப்புக்காரர் கேட்டால் அவருக்கே கொடுத்துவிடலாம், மாமரத்துக்கு நல்லது.

மண் எடுத்த அந்த மூன்றடிப் பட்டையில் மட்டும் மேஸ்திரி ஆசைப்படும் கான்கிரீட்டைப் போடட்டும். சுவரிலிருந்து வெளியே, அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் இருக்க வேண்டும். போட்டு முடித்ததும் ஒரு குடம் தண்ணீரைச் சுவரோரம் கவிழ்த்துப் பாருங்கள். எல்லாம் வெளியே ஓடிவிட வேண்டும். ஓரிடத்தில் நின்றாலும் கூலி கொடுக்கும் முன்பே சரி செய்யச் சொல்லுங்கள். முழுப் பின்புறத்துக்கும் கான்கிரீட் ஏன் கூடாது என்றால், மேலே விழும் நீரை அது வேகமாக உங்கள் சுவரை நோக்கித் தள்ளும், கீழே ஊறிவரும் நீரை ஆவியாக விடாமல் மூடி வைக்கும். அந்த நீர் வெளியேற ஒரே வழியாக உங்கள் சுவர்தான் மிஞ்சும். கோடையில் அந்தத் தளம் வீசும் அனலைச் சமையலறையில் நிற்பவர்தான் தாங்க வேண்டும். சிமென்ட் கலவை விரித்து அதன் மேல் பதிக்கும் பேவர் பிளாக்குக்கும் இதுவே பொருந்தும்.

மூன்றாவது, மீதி இடத்தைச் சீர்படுத்துவது. கான்கிரீட் பட்டையின் விளிம்பிலிருந்து கிழக்கு மேற்காகப் பத்தடிக்கு ஆறு அங்குலம் இறங்கட்டும். மேற்குச் சுவரிலிருந்தும் நடுவை நோக்கி இறங்கட்டும். இரண்டு சரிவும் சேரும் இடத்தில் தெற்கு வடக்காக மூன்றடி அகலம், அரையடி ஆழத்தில் புல் வளர்ந்த ஒரு வாய்க்கால். அது வடக்குச் சந்துக்குள் நுழையும் இடத்திலிருந்து தெரு வரை ஆறு அங்குல அகலத்தில் சிமென்ட் கால்வாய் கட்டி, எளிதாகத் தூக்கக்கூடிய பலகைக்கல் மூடுங்கள். சந்தில் மேல்தண்ணீருக்குக் குழாய் புதைக்காதீர்கள். மாவிலையும் தென்னஞ்சருகும் ஒரே பருவத்தில் அதை அடைத்துவிடும், எங்கே அடைத்தது என்று தேட மறுபடி சந்தையே தோண்ட வேண்டும். கால்வாய் காம்பவுண்டு சுவரைக் கடக்கும் இடத்தில் தாராளமாக ஓட்டை விட்டு, பாம்பு வராமல் கம்பி வலை போடுங்கள். தண்ணீர் போவது வடகிழக்கு நோக்கி என்பதால் வீட்டில் பெரியவர்களுக்கும் ஆட்சேபம் இருக்காது.

இந்த மூன்றோடு நின்றுவிடும் வீடுகளே அதிகம். குச்சியும் குழியும் ஊறல் உண்டு என்று காட்டினால் மட்டும் நான்காவதற்குப் போங்கள்: மேற்கிலிருந்து வரும் ஊறலை மனைக்குள் நுழையும் இடத்திலேயே மறிக்கும் அடிவடிகால்.

மேற்குச் சுவரை ஒட்டி அல்லாமல், அதிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, சுவர் நெடுக ஓர் அடி அகலத்துக்குப் பள்ளம் எடுக்க வேண்டும். ஆழம் இரண்டடி, அல்லது பாறை தட்டும் வரை. ஆனால் காம்பவுண்டு சுவரின் கடைக்கால் எவ்வளவு ஆழமோ அதற்குக் கீழே போகக் கூடாது, போனால் சுவர் சாயும். பள்ளத்தின் அடியை வடக்கு நோக்கிச் சரித்து, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணியை இரண்டு பக்கமும் தொங்குமாறு விரித்து, கொஞ்சம் ஜல்லி போட்டு, அதன் மேல் துளையிட்ட நான்கு அங்குலக் குழாயை வைத்து, மீண்டும் ஜல்லியால் நிரப்பித் துணியை மேலே மடித்து மூட வேண்டும். குழாயின் துளைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேலே இருந்தால் தண்ணீர் விழும் என்று நினைத்துப் பல இடங்களில் மேல்நோக்கி வைத்துவிடுகிறார்கள். ஊறல் அடியிலிருந்து நிரம்பி ஏறுவது. கீழ்த்துளை வழியாகத்தான் சீக்கிரம் குழாய்க்குள் நுழையும், மண்ணும் குறைவாகச் சேரும். துணிக்குப் பதிலாகச் சாக்கு போட்டால் மக்கிவிடும், நிழல்வலை போட்டால் களி உள்ளே வந்துவிடும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 28 அடி நீளத்துக்கு அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமாக ஜல்லியும், இருபது அடிக் குழாய் இரண்டும் போதும். வடக்கு மூலையில் ஒரு சிறு தொட்டி கட்டி மூடி போடுங்கள், பின்னால் குழாயை அலசுவதற்கு அது வேண்டும்.

இந்தக் குழாய் இரண்டடி ஆழத்தில் கிடப்பதால், தெரு வடிகாலுக்குத் தானாக ஓடுமா என்பது அளந்த பிறகுதான் தெரியும். ஓடாது என்றால், அந்த மூலைத் தொட்டியை மூன்றடி ஆழமாக்கி, மிதவை சுவிட்ச் வைத்த சிறிய நீர்மூழ்கி மோட்டார் ஒன்றை இறக்கி, மேலே உள்ள கால்வாய்க்கு இறைத்துவிடலாம். ஊறல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்பதால் அரைக் குதிரைத்திறன் மோட்டாரே தாராளம். மழைத் தண்ணீர் மொத்தத்தையும் மோட்டாரை நம்பி விடுவது வேறு விஷயம். பெருமழையில் முதலில் போவது மின்சாரம்தான்.

பெருமழை என்றதும் நீங்கள் 2024ஐ நினைப்பீர்கள். ஃபெஞ்சல் புயலின்போது டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் அரூரில் 33 சென்டிமீட்டரும் பெய்தது. 50 சென்டிமீட்டர் என்றால் உங்கள் மாடியிலிருந்து மட்டுமே 46,000 லிட்டர். அதற்கு ஏற்ற வடிகாலை எந்த வீட்டிலும் கட்ட முடியாது. அப்படி ஒரு நாள் வந்தால் தண்ணீர் கால்வாய் வழிந்து சந்து முழுவதும் ஓடும். அதைத் தடுக்காமல், சந்தில் விறகும் பழைய தொட்டியும் அடுக்கி வைக்காமல் இருந்தால் போதும், வீட்டுக்குள் வராது.

ஆழ்துளைக் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வற்றிய கிணற்றுக்குள் முற்றத்துத் தண்ணீரை விட்டால், செப்டிக் டேங்க் கசிவும் கோழி எச்சமும் பூச்சிமருந்தும் பாறை இடுக்கு வழியே நேராக நிலத்தடி நீரில் கலக்கும். வழியில் வடிகட்ட மண்ணே கிடையாது. உங்கள் தெருவில் யார் கிணற்றில் அது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கிணற்றின் வாயை இரும்பு மூடி போட்டு, போல்ட் வைத்து முடுக்கி வையுங்கள். குழந்தைகள் இருக்கும் ஊர்.

தோப்புக்காரர் விஷயத்தில் சட்டம் அவர் பக்கம்தான். மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் இயற்கையான போக்கில் பள்ளத்து நிலத்துக்கு ஓடிவருவதை அந்த நிலத்துக்காரர் அனுமதித்தாக வேண்டும் என்பதை 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டமே சொல்கிறது. அவர் தனியாக வாய்க்கால் வெட்டி உங்கள் மனைக்குத் திருப்பியிருந்தால்தான் கேள்வி கேட்க முடியும். அதே நியாயப்படி நீங்களும் குழாய் வைத்து வடக்கு வீட்டுக்காரர் மனைக்குள் விட முடியாது. உங்கள் கணவர் ஒரு முறை நேரில் போய்ப் பேசட்டும். தோப்புக்குள் சரிவுக்குக் குறுக்கே இரண்டு வரப்பும் ஒரு பள்ளமும் எடுத்தால் தண்ணீர் மாமர வேரிலேயே நின்றுவிடும், உங்களுக்கு வரும் மேல்தண்ணீரும் குறையும். மழையை நம்பி மா வைத்திருப்பவர் இதற்கு மாட்டேன் என்று சொல்லமாட்டார். ஆள் கூலியில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொண்டால் சண்டையும் தீரும்.

பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டு வீடுகளைப் பள்ளமாக்கக் கூடாது என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளரே அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறார். போட்ட சாலையை இனித் தோண்டப் போவதில்லை. ஆனால் தெருவோர வடிகாலைத் தூர்வாரிச் சரியான ஆழத்துக்குக் கொண்டுவரக் கேட்பது உங்கள் உரிமை. மட்டக் குழாயில் எடுத்த அளவுகளை எழுதி, தெருக்காரர்கள் சேர்ந்து கிராம சபையில் மனு கொடுங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். “தண்ணீர் தேங்குகிறது” என்ற மனுவைவிட, “வடிகாலின் அடி எங்கள் மனையைவிட இத்தனை அங்குலம் உயரம்” என்ற மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சமையலறைச் சுவருக்கு இப்போது ஒன்றும் செய்யாதீர்கள். உள்பக்கம் ஈரத்தடுப்பு பெயின்ட் அடித்தால் ஓதம் அதற்குப் பின்னால் நின்றுகொண்டு இன்னும் மேலே ஏறும். வெளி மண்ணை எடுத்து, வாட்டம் சரி செய்து, ஒரு கோடை முழுவதும் காயவிடுங்கள். பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். உதிர்ந்த பூச்சைச் செங்கல் தெரியக் கொத்திவிட்டு, அடுத்த ஆண்டு மாசி, பங்குனியில் புதிதாகப் பூசலாம்.

வேலை முடியும்வரை தேங்கிய தண்ணீரை ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவிடாதீர்கள். வாடகை மோட்டார் வைத்தாவது இறைத்துவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும்.

தென்னங்கன்றைப் பிடுங்க வேண்டாம். வேருக்குக் காற்று கிடைக்காததால்தான் மஞ்சளாகியிருக்கிறது. தண்ணீர் வடிந்தால் புதுக் குருத்து பச்சையாக வரும். தண்டைச் சுற்றிக் குவிந்திருக்கும் ஏரி மண்ணை மட்டும் விலக்கிவிடுங்கள். முருங்கைக்குத் தேங்கும் நீர் ஒரு வாரம்கூட ஆகாது. மறுபடி வைப்பதாக இருந்தால் தெற்குப் பக்கம் மேடான இடமாகப் பார்த்து வையுங்கள், அடிவடிகால் குழாயிலிருந்து பத்தடியாவது தள்ளி. வாய்க்காலோரம் கல்வாழையும் சேம்பும் நன்றாக வரும். அளவுகளை எடுத்த பிறகு, குழியில் எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூலைத் தொட்டியின் ஆழத்தையும் மோட்டார் வேண்டுமா என்பதையும் அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
கட்டடப் பொறியாளர், தருமபுரி